நஜீப் தீர்ப்பு பிறந்த கதை

பயங்கரவாத வழக்கில் ஜாமீன் கேட்டு உயர் நீதிமன்றப் படியேறும் வழக்கறிஞரின் கட்டில் ஒரு தீர்ப்பின் நகல் கட்டாயம் இருக்கும். இந்திய ஒன்றியம் எதிர் கே.ஏ. நஜீப். உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் 2021 பிப்ரவரி 1 அன்று வழங்கியது. ஜாமீனுக்கு வழியே இல்லாதபடி ஒரு சட்டம் கதவைச் சாத்தியிருந்தாலும், விசாரணை முடிவில்லாமல் இழுபடும்போது அரசியல் சாசனம் அந்தக் கதவைத் திறக்கலாம் என்று சொன்ன தீர்ப்பு அது. இதைக் காட்டி நாடெங்கும் எத்தனையோ விசாரணைக் கைதிகள் வெளியே வந்திருக்கிறார்கள். அது தொடங்கிய இடம் எங்கள் இடுக்கி மாவட்டம் என்பது இங்கேயே பலருக்குத் தெரியாது.

நான் எழுதுவது கம்பம்மெட்டிலிருந்து. கம்பத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிவந்தால் மலையுச்சியில் இரண்டு மாநிலங்களின் சோதனைச் சாவடிகளும் இருக்கும். விடிவதற்குள் ஏலத் தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் வரிசையாக ஏறிவரும். சாயங்காலம் அதே ஜீப்புகள் இறங்கும். இந்த ஊரில் 'ஜாமீன் கிடைக்காத கேஸ்' என்றால் முதலில் நினைவுக்கு வருவது கஞ்சா கேஸ். இருபது கிலோவுக்கு மேல் பிடிபட்டால் அது வணிக அளவு. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 37ஆம் பிரிவு அங்கே வந்து நிற்கும். பிடிபட்டவர் குற்றம் செய்திருக்க மாட்டார் என்றும், வெளியே போனால் மறுபடி குற்றம் செய்ய மாட்டார் என்றும் நீதிபதிக்கே நம்பிக்கை வந்தாலொழிய ஜாமீன் இல்லை. விசாரணை தொடங்காத கட்டத்தில் அந்த நம்பிக்கை எந்த நீதிபதிக்கு வரும்? கூலிக்கு மூட்டை தூக்கிய பையன் உள்ளே கிடப்பான். மூட்டையின் சொந்தக்காரன் யாரென்று கடைசிவரை தெரியாது. தாய் வாய்தாவுக்கு வாய்தா பஸ் பிடித்துத் தொடுபுழாவுக்கு இறங்கிப் போய்வருவாள்.

அந்தத் தொடுபுழாவில்தான் கதை ஆரம்பிக்கிறது. எங்கள் மாவட்டமே என்றாலும் கட்டப்பனை, செறுதோணி, குளமாவு என்று மலை முழுவதையும் கடந்து இறங்க வேண்டிய ஊர். அங்கே நியூமேன் கல்லூரி. 2010 மார்ச்சில் அந்தக் கல்லூரியின் பி.காம். மாணவர்களுக்கு மலையாளத் தேர்வு. வினாத்தாள் தயாரித்தவர் பேராசிரியர் டி.ஜே. ஜோசப். ஓர் உரையாடலைக் கொடுத்து நிறுத்தக்குறி இடச் சொல்லும் சாதாரணக் கேள்வி ஒன்று அதில் இருந்தது. அந்த உரையாடலில் வந்த ஒரு பெயர் நபிகளை இழிவுபடுத்துவதாகப் புகார் கிளம்பியது. போராட்டம் வெடித்தது. ஜோசப் கைது செய்யப்பட்டார். கல்லூரி அவரை இடைநீக்கம் செய்தது.

2010 ஜூலை 4, ஞாயிற்றுக்கிழமை. காலைத் திருப்பலி முடிந்து தாயோடும் சகோதரியோடும் மூவாற்றுப்புழையிலுள்ள வீட்டுக்குக் காரில் திரும்பிக்கொண்டிருந்தார். ஒரு கும்பல் காரை மறித்தது. கண்ணாடியை உடைத்து, அவரை வெளியே இழுத்துப்போட்டு, வலது கையை மணிக்கட்டோடு வெட்டியது. ஓடிவந்தவர்களை விரட்ட நாட்டு வெடிகுண்டு வீசப்பட்டது. வெட்டுண்ட கையைக் கொச்சியிலுள்ள மருத்துவமனையில் பல மணி நேர அறுவை சிகிச்சை செய்து ஒட்டவைத்தார்கள். அதற்குப் பிறகு அவர் இடது கையால் எழுதப் பழகினார்.

அந்த மனிதர் பட்டது அதோடு முடியவில்லை. 2010 செப்டம்பரில் கல்லூரி நிர்வாகம் அவரை வேலையை விட்டே நீக்கியது. 2013இல் தொடுபுழா நீதிமன்றம் வினாத்தாள் வழக்கிலிருந்து அவரை விடுவித்த பிறகும் வேலை திரும்பவில்லை. 2014 மார்ச்சில் அவருடைய மனைவி உயிரை மாய்த்துக்கொண்டார். அதன் பிறகுதான் நிர்வாகம் அவரை மறுபடி சேர்த்துக்கொண்டது. அதே மாதக் கடைசியில் அவர் ஓய்வுபெற்றார். இதைச் சற்று விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. குற்றம் சாட்டப்பட்டவரின் உரிமையைப் பேசுகிறவர்களுக்கு வெட்டுப்பட்டவரின் வலி தெரியாது என்பது வழக்கமான குற்றச்சாட்டு. தெரிந்துதான் பேசுகிறோம்.

வழக்கு 2011இல் தேசியப் புலனாய்வு முகமையிடம், அதாவது என்ஐஏவிடம் போனது. தாக்குதலுக்குப் பின்னால் நீண்ட சதி இருந்ததாகவும், அதற்கு முன்பே சில முயற்சிகள் தோற்றிருந்ததாகவும் விசாரணை சொன்னது. சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தின், நாம் உபா என்று சொல்லும் சட்டத்தின், பயங்கரவாதப் பிரிவுகள் சேர்க்கப்பட்டன. முதல் கட்டமாக முப்பத்தொரு பேர் மீது கொச்சி என்ஐஏ சிறப்பு நீதிமன்றத்தில் விசாரணை நடந்தது. 2015 ஏப்ரல் 30 அன்று பதின்மூன்று பேர் குற்றவாளிகள் என்றும், பதினெட்டுப் பேர் குற்றமற்றவர்கள் என்றும் தீர்ப்பு வந்தது. தண்டனை பெற்றவர்களில் யாருக்கும் எட்டு ஆண்டுக்கு மேல் கடுங்காவல் விதிக்கப்படவில்லை.

இந்த எட்டு என்ற எண்ணை வாசகர் மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

அந்தத் தீர்ப்புக்கு இருபது நாள் முன்புதான், 2015 ஏப்ரல் 10 அன்று, தலைமறைவாக இருந்த ஒருவர் கைதானார். அவர்தான் கே.ஏ. நஜீப். சதியின் முக்கியப் புள்ளிகளில் ஒருவர் என்பது என்ஐஏயின் குற்றச்சாட்டு. வண்டியும் சிம் கார்டும் ஏற்பாடு செய்தார், சம்பவ இடத்தருகே காத்திருந்தார், வெட்டியவர்களை ஏற்றிச்சென்றார், தங்க இடமும் மருத்துவ உதவியும் கொடுத்தார் என்று குற்றப்பத்திரிகை சொன்னது. அவர் பிடிபடாததால் அவர் மீதான விசாரணை முன்பே தனியாகப் பிரிக்கப்பட்டிருந்தது. பிடிபட்ட பிறகாவது அது ஓட வேண்டும் அல்லவா? ஓடவில்லை. 2015 முதல் 2019 வரை சிறப்பு நீதிமன்றத்திலும் உயர் நீதிமன்றத்திலுமாக ஆறு தடவை ஜாமீன் கேட்டார். ஒவ்வொரு தடவையும் தள்ளுபடி. காரணம் ஒன்றே: உபா சட்டத்தின் 43டி(5).

இந்த 43டி(5) எப்படி வந்தது என்று சொல்லாமல் மேலே போக முடியாது. 1967இல் பிறந்த உபா, முதலில் பிரிவினை பேசும் அமைப்புகளைத் தடைசெய்ய வந்த சட்டம். பயங்கரவாதத்துக்குத் தடா தனியாக இருந்தது. 1995இல் அது காலாவதியானது. 2002இல் பொடா வந்தது. தமிழ்நாட்டில் பொடா என்றால் வைகோ நினைவுக்கு வருவார். திருமங்கலத்தில் பேசிய பேச்சுக்காக 2002 ஜூலையில் கைதாகி, 2004 பிப்ரவரி வரை பத்தொன்பது மாதம் வேலூர் சிறையில் இருந்தார். பொடாவிலும் ஜாமீன் கடினம்தான். ஆனால் அதில் ஒரு வரம்பு இருந்தது. பொடாவை எதிர்த்து மக்கள் சிவில் உரிமைக் கழகம் போட்ட வழக்கில் 2003 டிசம்பர் 16 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், சட்டத்தை அப்படியே நிலைநிறுத்தியது; கூடவே, அந்தக் கடுமையான ஜாமீன் நிபந்தனை ஓர் ஆண்டுக்குத்தான், அதன் பிறகு கைதி சாதாரணச் சட்டப்படி ஜாமீன் கேட்கலாம் என்று விளக்கம் தந்தது.

2004இல் பொடா நீக்கப்பட்டது. அதன் பயங்கரவாதக் குற்றங்களில் பெரும்பகுதி உபாவுக்குள் குடியேறியது. ஜாமீன் தடை மட்டும் அப்போது வரவில்லை. 2008 நவம்பர் 26இல் மும்பை தாக்கப்பட்டது. நாடே கொதித்துக்கொண்டிருந்த மூன்று வாரத்துக்குள், புதிதாக உள்துறைக்கு வந்திருந்த ப. சிதம்பரம் கொண்டுவந்த இரண்டு மசோதாக்களை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஒன்றில் என்ஐஏ பிறந்தது. மற்றொன்றில் உபாவுக்கு 43டி வந்தது. போலீஸ் நாட்குறிப்பையும் குற்றப்பத்திரிகையையும் பார்த்து, குற்றச்சாட்டுக்கு முகாந்திரம் இருப்பதாக நம்ப நியாயமான காரணம் தெரிந்தால் ஜாமீன் தரக் கூடாது என்கிறது ஐந்தாம் உட்பிரிவு. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாமலே தொண்ணூறு நாளுக்குப் பதில் நூற்றெண்பது நாள் வரை உள்ளே வைக்கவும் வழி செய்யப்பட்டது. பொடாவில் இருந்த ஓர் ஆண்டு வரம்பை யாரும் திரும்பக் கொண்டுவரவில்லை. அந்த ஒரு வரி விடுபட்டதன் விலையைப் பிறகு வந்த பல ஆயிரம் குடும்பங்கள் கொடுத்தன என்பது என் எண்ணம்.

2019 ஏப்ரல் 2 அன்று வட்டாலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தப் பூட்டை இன்னும் இறுக்கியது. ஜாமீன் கட்டத்தில் சாட்சியங்களை எடைபோட்டுப் பார்க்கக் கூடாது. அரசுத் தரப்பு வைக்கும் ஆவணங்களை மேலோட்டமாகப் பார்த்தே முகாந்திரம் உண்டா என்று தீர்மானிக்க வேண்டும் என்றது. அரசுத் தரப்பு வைத்த காகிதத்தை அரசுத் தரப்பின் கண்ணாலேயே படித்தால் முகாந்திரம் இல்லாமல் எப்படிப் போகும்?

வட்டாலிக்கு அடுத்த மாதமே, 2019 மே மாதத்தில், நஜீப் கேரள உயர் நீதிமன்றத்துக்கு மூன்றாம் முறையாக வந்தார். நியாயமாகப் பார்த்தால் தோற்றிருக்க வேண்டிய நேரம். ஆனால் 2019 ஜூலை 23 அன்று உயர் நீதிமன்றம் அவருக்கு ஜாமீன் கொடுத்தது. குற்றம் செய்தாரா இல்லையா என்ற கேள்விக்குள் போகாமல், கைதாகி நான்கு ஆண்டாகியும் விசாரணை தொடங்கவே இல்லை என்பதைப் பிடித்துக்கொண்டது. என்ஐஏ உச்ச நீதிமன்றத்துக்குப் போய் அந்த உத்தரவுக்கு இடைக்காலத் தடை வாங்கியது. நஜீப் உள்ளேயே இருந்தார். அவர் மீது குற்றச்சாட்டு வரையப்பட்டது 2020 நவம்பர் 27 அன்று. கைதான நாளிலிருந்து ஐந்தரை ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. இத்தனைக்கும் அவருடைய கூட்டாளிகள் மீதான வழக்கு 2015லேயே முடிந்துவிட்டது. அதே சாட்சிகள், அதே ஆவணங்கள். அரசிடம் இல்லாதது அவசரம் ஒன்றுதான்.

உச்ச நீதிமன்றத்தில் என்.வி. ரமணா, சூர்ய காந்த், அனிருத்தா போஸ் ஆகிய மூவர் அமர்வு. தீர்ப்பை எழுதியவர் சூர்ய காந்த். வெறும் ஒருவரின் ஜாமீனாக முடிந்திருக்கக்கூடிய வழக்கு. அதை அவர்கள் ஒரு கொள்கையாக எழுதினார்கள். 43டி(5) இருக்கிறது என்பதற்காக, அடிப்படை உரிமை மீறப்படும்போது தலையிடும் உயர் நீதிமன்றத்தின், உச்ச நீதிமன்றத்தின் அதிகாரம் போய்விடாது. தொடக்கத்தில் ஜாமீன் கூடாது என்ற நாடாளுமன்றத்தின் எண்ணத்தை நீதிமன்றங்கள் மதிக்கவே வேண்டும். ஆனால் விசாரணை நியாயமான காலத்தில் முடியப்போவதில்லை என்று தெரிந்து, விதிக்கக்கூடிய தண்டனையில் பெரும்பகுதியைக் கைதி ஏற்கெனவே சிறையில் கழித்தும்விட்டால், அந்தப் பிரிவின் கடுமை தளர்ந்துபோகும். 276 சாட்சிகள் இன்னும் விசாரிக்கப்பட வேண்டும். சாட்சிப் பட்டியலைச் சுருக்க என்ஐஏவுக்கு இரண்டு வாய்ப்புகள் தந்தும் அது முன்வரவில்லை. கூட்டாளிகளுக்குக் கிடைத்ததே அதிகபட்சம் எட்டு ஆண்டு. அதில் பெரும்பங்கை இவர் விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டார்.

நீதிபதிகள் குற்றத்தின் கொடூரத்தை மறைக்கவில்லை. இது ஆரம்பக் கட்டத்தில் வந்த மனுவாக இருந்தால் யோசிக்காமல் தள்ளுபடி செய்திருப்போம் என்றே எழுதினார்கள். வாரந்தோறும் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு உள்ளூர்க் காவல் நிலையத்தில் கையெழுத்து, புதிய குற்றம் எதிலும் சம்பந்தமில்லை என்று எழுத்து மூலம் உறுதி, மத உணர்வைத் தூண்டும் எந்தச் செயலிலும் கலந்துகொள்ளத் தடை என்று கூடுதல் நிபந்தனைகளையும் சேர்த்தார்கள். எங்கள் மலைக்கு நெருக்கமான இன்னொன்றும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. கஞ்சா வழக்கின் 37ஆம் பிரிவோடு ஒப்பிட்டால் உபாவின் பிரிவு அத்தனை கடுமை இல்லை என்று அவர்கள் சொன்னார்கள். வெளியே போனால் மறுபடி குற்றம் செய்ய மாட்டார் என்ற உறுதியை உபா கேட்பதில்லை. சட்டத்தின் எழுத்துப்படி பார்த்தால், கம்பம்மெட்டுச் சாவடியில் மூட்டையோடு பிடிபடும் கூலிப் பையன் சதி வழக்குக் கைதியைவிட இறுக்கமான பூட்டுக்குள் இருக்கிறான். இதை முதலில் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

தீர்ப்பு வானத்திலிருந்து குதிக்கவில்லை. 1979இல் ஹுசைனாரா காத்தூன் வழக்கில், பீகார் சிறைகளில் தங்கள் குற்றத்துக்கான முழுத் தண்டனைக் காலத்தையும் தாண்டி விசாரணைக்குக் காத்துக்கிடந்த ஏழைகளைப் பார்த்து, விரைவான விசாரணை அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1994இல் போதைப்பொருள் வழக்குக் கைதிகளுக்கு, குறைந்தது பத்து ஆண்டு தண்டனைக்குரிய குற்றமென்றால் ஐந்து ஆண்டு உள்ளே இருந்தவரை ஜாமீனில் விடலாம் என்றது. 1996இல் ஷாஹீன் வெல்ஃபேர் வழக்கில் தடா கைதிகளை நான்கு வகையாகப் பிரித்து, சிறு பங்கு வகித்தவர்களை இத்தனை ஆண்டு சிறைக்குப் பிறகு விடலாம் என்று வழிசெய்தது. நஜீப் தீர்ப்பு இந்த வரிசையின் தொடர்ச்சியாகவே பேசியது.

அதே 1979 ஏப்ரலில் இந்தியா குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையில் சேர்ந்தது. கைதானவரை நியாயமான காலத்துக்குள் விசாரி, இல்லையேல் விடு என்கிறது அதன் ஒன்பதாம் பிரிவு. சேரும்போதே அந்த ஒன்பதாம் பிரிவைப் பற்றி இந்தியா தனியாக ஒரு விளக்கமும் சேர்த்துக்கொண்டது. தடுப்புக்காவல் பற்றிய நம் அரசியல் சாசன விதிகளுக்கு இசையவே அதை நடைமுறைப்படுத்துவோம் என்று. அந்த ஆண்டு ஜூலையில் இலங்கை பயங்கரவாதத் தடைச் சட்டத்தை இயற்றியது. தற்காலிகம் என்று வந்த அந்தச் சட்டம் நாற்பது ஆண்டுக்கு மேல் நின்று, தமிழ் இளைஞர்களை வழக்கே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் அடைத்துவைத்தது. 2022இல்தான் அதில் சிறு தளர்வு வந்தது: கைதாகிப் பன்னிரண்டு மாதத்துக்குள் விசாரணை தொடங்காவிட்டால் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஜாமீன் தரலாம். கொழும்பில் அதைச் சட்டமாகவே எழுதினார்கள். நமக்கு நீதிபதிகளின் தீர்ப்புதான் இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் இந்தத் தீர்ப்புக்கு முன் என்ன நடந்தது என்பதற்குப் பாலக்காட்டுக் கணவாய் தாண்டி ஓர் உதாரணம் இருக்கிறது. 1998 பிப்ரவரி 14 அன்று கோவையில் குண்டுகள் வெடித்து ஐம்பத்தெட்டுப் பேர் செத்தார்கள். அந்த வழக்கில் 1998 மார்ச் 31 அன்று கேரள அரசியல் தலைவர் அப்துல் நாசர் மதானி கைதானார். ஒன்பது ஆண்டுக்கு மேல் கோவைச் சிறையில் ஜாமீன் இல்லாமல் இருந்தார். 2007 ஆகஸ்ட் 1 அன்று நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. அவர் அரசியல் எனக்கு உடன்பாடானதல்ல. அந்த ஒன்பது ஆண்டை யார் திருப்பித் தருவார்கள் என்ற கேள்வி அவர் அரசியலைப் பொறுத்ததும் அல்ல.

குற்றமற்றவர் ஒருவரின் பெயரில் இந்த உரிமை பிறந்திருந்தால் சொல்வது எளிதாக இருந்திருக்கும். அப்படிப் பிறக்கவில்லை. 2023 ஜூலை 12 அன்று கொச்சி என்ஐஏ நீதிமன்றம் இரண்டாம் கட்ட விசாரணையில் பதினொரு பேரில் ஆறு பேரைக் குற்றவாளிகள் என்றது. மறுநாள் அவர்களில் மூவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. மூவரில் ஒருவர் நஜீப்.

'பார்த்தீர்களா, இவனுக்கா ஜாமீன் கொடுத்தார்கள்' என்று கேட்டவர்கள் உண்டு. எட்டு ஆண்டை அளவுகோலாக வைத்துப் பேசிய உச்ச நீதிமன்றம் ஏமாந்துபோனது என்றும் சிலர் எழுதினார்கள். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. ஜாமீன் கொடுத்ததால் வழக்கு கெட்டுப்போகவில்லை. விசாரணை நடந்தது, சாட்சிகள் பேசினார்கள், குற்றம் நிரூபணமானது, தண்டனை வந்தது. சொல்லப்போனால், குற்றச்சாட்டே வரையாமல் ஐந்தரை ஆண்டு தூங்கிய வழக்கு உச்ச நீதிமன்றம் தட்டிக் கேட்ட பிறகு இரண்டரை ஆண்டுக்குள் முடிந்தது. நிரபராதிகளுக்கு மட்டும் என்று ஓர் உரிமையை வைத்தால் யார் நிரபராதி என்பதை விசாரணைக்கு முன்பே யாராவது தீர்மானிக்க வேண்டும். அந்த 'யாராவது' போலீசாகத்தான் இருக்கும். குற்றவாளிக்கும் சேர்த்துப் பிறந்ததால்தான் நஜீப் தீர்ப்பு கூலிப் பையனுக்கும் பத்திரிகையாளருக்கும் அமைச்சருக்கும் ஒரே மாதிரி உதவுகிறது.

இழுத்தடிப்பில் யாருக்கு லாபம் என்றும் யோசிக்க வேண்டும். ஜோசப் தன் கையை வெட்டியவர்கள் வழக்கின் இரண்டாம் தீர்ப்பைக் கேட்கப் பதின்மூன்று ஆண்டு காத்திருந்தார். தண்டிக்கப்பட்டவர்கள் வெறும் கருவிகள், ஏவிவிட்டவர்கள் வெளியே இருக்கிறார்கள் என்ற பொருளில் அன்று அவர் பேசினார். தாக்குதலின் முதல் குற்றவாளி என்று தேடப்பட்டவர் கண்ணூர் மாவட்டத்தில் தச்சு வேலை செய்துகொண்டிருந்த நிலையில் பிடிபட்டது 2024 ஜனவரியில்தான். விரைவான விசாரணை குற்றம் சாட்டப்பட்டவரின் உரிமை என்று சட்டப் புத்தகங்கள் சொல்கின்றன. வெட்டுப்பட்டவருக்கும் அது வேண்டியிருந்தது. இடது கையால் எழுதப் பழகும் வயதில் நீதிமன்றம் ஏறி இறங்கிய மனிதருக்கு யாரும் அதைக் கொடுக்கவில்லை.

தீர்ப்பின் குறையையும் சொல்லியாக வேண்டும். பெரிய குறை. எத்தனை ஆண்டு உள்ளே இருந்தால் நீண்ட காலம் என்று அது எண் சொல்லவில்லை. ஆண்டுகள் கழிந்த பிறகே அந்தக் கதவு திறக்கும். முதல் ஆண்டில் சாகக் கிடப்பவருக்குத் திறக்காது. திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்த பாதிரியார் ஸ்டேன் சுவாமி, ஜார்க்கண்ட் ஆதிவாசிகளோடு வாழ்ந்தவர், பீமா கோரேகான் வழக்கில் 2020 அக்டோபர் 8 அன்று எண்பத்து மூன்று வயதில் உபாவில் கைதானார். பார்க்கின்சன் நோயால் டம்ளரைக் கையில் பிடிக்க முடியாதவர். உறிஞ்சுகுழாய்க் குவளைக்காக நீதிமன்றத்தில் மனுப்போட வேண்டியிருந்தது. நஜீப் தீர்ப்பு வந்து ஏழு வாரம் கழித்து, 2021 மார்ச் 22 அன்று, மும்பை சிறப்பு நீதிமன்றம் அவருக்கு ஜாமீன் மறுத்தது. அவர் சிறையில் கழித்தது ஐந்து மாதம்தான். நஜீப் தீர்ப்பின் கணக்கில் அது எதுவுமே இல்லை. மேலும் இப்படி ஜாமீன் தரும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் என்று எழுதப்பட்டிருப்பதால், விசாரணை நீதிமன்றங்கள் தங்களுக்கு அது இல்லை என்று ஒதுங்கிக்கொள்ளவும் முடிகிறது. 2021 ஜூலை 5 அன்று, பம்பாய் உயர் நீதிமன்றத்தில் ஜாமீன் மனு நிலுவையில் இருக்கும்போதே ஸ்டேன் சுவாமி மருத்துவமனையில் இறந்தார். பொடாவில் இருந்த ஓர் ஆண்டு வரம்பைவிடவும் குறுகிய காலத்தில், ஒன்பதே மாதத்தில். எந்த வரம்பும் அவரைக் காப்பாற்றியிருக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நோயாளியையும் முதியவரையும் பற்றி 43டி(5) ஒரு வார்த்தையும் சொல்லாததுதான் அவரைக் கொன்றது.

தீர்ப்பு பிறந்த பிறகும் அதன் பாதை நேராக இல்லை. 2024 பிப்ரவரி 7 அன்று குர்விந்தர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் இருவர் அமர்வு, ஐந்து ஆண்டு சிறையில் இருந்தவருக்கு ஜாமீன் மறுத்தது. இங்கே விசாரணை நகர்கிறது, இருபத்திரண்டு சாட்சிகள் முடிந்துவிட்டார்கள், ஆகவே நஜீப் இதற்குப் பொருந்தாது என்றது. அதே ஆண்டு ஜூலையில் ஷேக் ஜாவேத் இக்பால் வழக்கில் இன்னோர் இருவர் அமர்வு, கள்ளநோட்டு வழக்கில் ஒன்பது ஆண்டாக உள்ளே இருந்த நேபாளத்தவருக்கு ஜாமீன் தந்தது. மூவர் அமர்வு சொன்னது இருவர் அமர்வைக் கட்டுப்படுத்தும் என்பதையும் எடுத்துக்காட்டியது. எந்த அமர்வின் முன் மனு போகிறது என்பதை வைத்து ஒருவரின் ஐந்தாவது ஆண்டும் ஆறாவது ஆண்டும் தீர்மானமாவது எனக்கு ஏற்புடையதல்ல. நாடாளுமன்றம் பொடாவின் ஓர் ஆண்டு வரம்பை உபாவில் எழுதிவிட்டால் இந்தத் தடுமாற்றத்தில் பாதி தீரும்.

பயங்கரவாத வழக்கில் பிறந்த தீர்ப்பு வேறு சட்டங்களுக்கும் போய்விட்டது. தமிழ்நாட்டு வாசகர்களுக்கு அது 2024 செப்டம்பர் 26 அன்று வீட்டு வாசலுக்கே வந்தது. பணமோசடித் தடுப்புச் சட்டத்தில் அமலாக்கத் துறை கைதுசெய்து பதினைந்து மாதமாகச் சிறையில் இருந்த முன்னாள் அமைச்சர் செந்தில் பாலாஜிக்கு உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தபோது, நஜீப் தீர்ப்பைத்தான் தாங்கிப் பிடித்தது. அடிப்படை வழக்குகளில் இரண்டாயிரத்துக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டவர்கள், அறுநூறுக்கு மேல் சாட்சிகள். எந்தக் காலத்தில் விசாரணை முடியும் என்று நீதிமன்றம் கேட்டது. கஞ்சா வழக்குகளிலும் இதே திசையில் நகர்வு உண்டு. 2023 மார்ச்சில் முகமது முஸ்லிம் வழக்கில், ஏழு ஆண்டுக்கு மேல் உள்ளே இருந்தவரை 37ஆம் பிரிவின் கடுமையையும் மீறி உச்ச நீதிமன்றம் ஜாமீனில் விட்டது.

அமைச்சருக்கு வழக்காட டெல்லியில் மூத்த வழக்கறிஞர்கள் இருந்தார்கள். தோட்டக் கூலியின் மகனுக்கு இலவசச் சட்ட உதவி மையத்தின் வழக்கறிஞர்தான் இருப்பார். அவரிடம் அன்று இன்னும் பத்து மனுக்கள் இருக்கும். அவர் நினைவில் கொள்ள நஜீப் தீர்ப்பு மூன்று விவரங்களைத் தருகிறது: கைதான தேதி, குற்றச்சாட்டு வரையப்பட்ட தேதி, இன்னும் விசாரிக்கப்படாத சாட்சிகளின் எண்ணிக்கை. இவற்றை மனுவின் முதல் பக்கத்திலேயே எழுதி, மாவட்ட நீதிமன்றம் தள்ளுபடி செய்தால் மனந்தளராமல் எர்ணாகுளத்திலுள்ள உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். நஜீபே அங்கே மூன்றாம் தடவையில்தான் ஜெயித்தார்.